கருவிழியை விடுங்கள், இமையைப் பாருங்கள்

அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் பாணியில் கண் வரையப் பழகும் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். கருவிழி மட்டும் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஜொலிக்கும். ஐந்து நிறம், ஏழு ஹைலைட் (வெள்ளையாக மின்னும் ஒளிப்புள்ளி), நடுவில் ஒரு நட்சத்திரம். ஆனால் அந்த முகம் சிரிக்கிறதா, அழுகிறதா, பசியில் இருக்கிறதா என்று கேட்டால் பதில் இருக்காது. வாயைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், எல்லாப் படமும் ஒரே படமாகிவிடும்.

உணர்ச்சி கருவிழியில் இல்லை, அதைச் சுற்றி இருக்கிற தசையில் இருக்கிறது. 1978-ல் உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் முகத்தின் அசைவுகளுக்கு ஒவ்வொன்றாக எண் போட்டு ஒரு முறையை வெளியிட்டார்கள். அதில் கண்ணைச் சுற்றி நமக்கு வேண்டியவை ஆறுதான். புருவத்தின் மூக்கோர முனை ஏறுவது 1, காதோர முனை ஏறுவது 2, புருவம் இறங்கி நெருங்குவது 4, மேல் இமை ஏறுவது 5, கன்னம் ஏறிக் கீழ் இமையைத் தள்ளுவது 6, இமை இறுகுவது 7. கருவிழியின் பளபளப்புக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. அனிமே கண் எவ்வளவு பெரிதானாலும் இந்த ஆறு அசைவுகளைத்தான் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஜப்பானில் பெரிய கண்ணைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகா அமெரிக்கக் கார்ட்டூன்களை ரசித்துப் பார்த்து வளர்ந்தவர். அந்தப் பெரிய கண்ணில் அழகைவிட வசதி அதிகம்: இமை ஏறி இறங்க இடம் இருக்கிறது.

அதனால் இங்கே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை. கருவிழியை முதலில் தட்டையாகக் கருப்படித்து விடுங்கள். ஹைலைட் வேண்டாம், நிறம் வேண்டாம். இமையும் புருவமும் மட்டும் வைத்து உணர்ச்சி தெரிந்தால் பிறகு நிறம் போடலாம், இடையில் வரும் ஹைலைட் குறிப்புகள் அந்தக் கட்டத்துக்கு. தெரியவில்லை என்றால் எத்தனை மினுக்கு வைத்தாலும் தேறாது.

முதலில் சும்மா இருக்கிற கண்

கோபமும் அழுகையும் எதிலிருந்து மாறுகின்றன என்று தெரிய, எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு கண் கையில் இருக்க வேண்டும். A4 தாளில் அடுத்தடுத்து மூன்று பெட்டி போடுங்கள், ஒவ்வொன்றும் 4 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம். இரண்டு ஓரப் பெட்டிகள் கண்ணுக்கு, நடுப் பெட்டி இடைவெளிக்கு. இரண்டு கண்ணுக்கு நடுவே ஒரு கண் அகலம் என்ற கணக்கு நிஜ முகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். அனிமேயில் கொஞ்சம் குறைத்தாலும் தப்பில்லை, கூட்டினால் மீன் முகம் ஆகிவிடும்.

மேல் இமைக் கோடு மூக்கோரத்தில், பெட்டியின் அடியிலிருந்து 1.2 செ.மீ. உயரத்தில் தொடங்கட்டும். அங்கிருந்து வெடுக்கென்று ஏறி, மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே உச்சியைத் தொட்டு, காதோரம் மெதுவாக இறங்க வேண்டும். உச்சியை நடு மத்தியில் வைப்பதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தவறு. அப்படி வைத்தால் கண் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும், எந்தப் பக்கம் மூக்கு என்றே தெரியாது. கீழ் இமைக்கு நேர் எதிர்: அதன் பள்ளம் காதோரத்துக்குப் பக்கத்தில், மூக்கோரத்திலிருந்து 2.6 செ.மீ. தூரத்தில் வர வேண்டும். உச்சியும் பள்ளமும் குறுக்காக அமைவதால்தான் கண்ணுக்கு ஒரு சாய்வும் உயிரும் வருகிறது.

மேல் கோடு மூக்கோரத்தில் 1 மி.மீ., நடுவிலிருந்து காதோரம் வரை 3 மி.மீ. தடிமன். ஒரே இழுப்பில் வராது. மெல்லிய கோடாகப் போட்டுவிட்டு மேல்பக்கமாகத் தடிப்பேற்றுங்கள், உள்பக்கமாக ஏற்றினால் கண் சுருங்கிக்கொண்டே போகும். கீழ் இமை மெல்லிய கோடு, அதுவும் காதோர மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும். மூக்கோரத்தில் விட்டுவிடுங்கள். மேலும் கீழும் ஒரே தடிமனில் முழுதாகச் சுற்றி வரைந்தால் கண்ணாடி போட்ட ஆந்தை வந்து உட்கார்ந்துவிடும்.

நம்மூர்க் காங்கேயம் காளையின் கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல ஒரு கருவளையம் இருக்குமே, அது ஏன் அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்ணை எடுத்துக் காட்டுகிறது? வெளுத்த முகத்தில் கருப்புச் சட்டம். மேல் இமையின் தடித்த கோடு செய்கிற வேலையும் அதேதான். இமைமுடி வரைவதற்காக அந்தக் கோட்டைப் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பதினைந்து முடியைத் தனித்தனியாக நீட்டுவார்கள். காதோரத்தில் இரண்டு மூன்று கூர் போதும்.

கருவிழி முட்டை வடிவம்: 2.2 செ.மீ. அகலம், 3.4 செ.மீ. உயரம். பெட்டியைவிட 4 மி.மீ. உயரம் கூட, அந்த 4 மி.மீ. மேல் இமைக்குள் ஒளிந்திருக்கும். அடி கீழ் இமையைத் தொட்டு நிற்கும். நடுவில் பாப்பா, அதாவது கண்மணி, 0.8 செ.மீ. அகலம், 1.3 செ.மீ. உயரம். மேல் இமைக்கு 3 மி.மீ. மேலே ஒரு மெல்லிய மடிப்புக் கோடு. புருவம் இமையிலிருந்து 1.2 செ.மீ. மேலே, 4.5 செ.மீ. நீளம். இவ்வளவுதான் சும்மா இருக்கிற கண். இந்த அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இனி எல்லாமே இதிலிருந்து எத்தனை மி.மீ. நகர்ந்தது என்ற கணக்குத்தான்.

எட்டுக் கண்கள்

இணையத்தில் கிடைக்கும் உணர்ச்சிப் பட்டியல்கள் ஆறு என்றும் இருபத்தைந்து என்றும் இழுக்கின்றன. நமக்குக் கைக்குள்ளேயே தொல்காப்பியத்தின் மெய்ப்பாடுகள் எட்டு இருக்கின்றன: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. படம் வரைபவருக்கு இது நல்ல பட்டியல் என்பேன், ஏனென்றால் நகையையும் உவகையையும் தனித்தனியாக வைக்கிறது. சிரிப்பும் மகிழ்ச்சியும் ஒன்று என்று நினைத்து வரைபவர்கள்தான் எல்லாப் படத்திலும் கண்ணை மூடி வைக்கிறார்கள்.

A4 தாளை 2 வரிசை, 4 அடுக்காகப் பிரித்தால் எட்டுக் கட்டம். மேலே சொன்ன அளவுகளைப் பாதியாக்கிக்கொண்டால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஜோடிக் கண் சரியாக உட்காரும். கீழே வரும் அளவுகள் முழு அளவுக் கண்ணுக்கு.

நகையில் கன்னம் ஏறிக் கீழ் இமையை மேலே தள்ளுகிறது. மூடிய கண் மேல்நோக்கி வளைந்த வில்லாக நிற்கும். தூங்குகிற கண்ணில் நடப்பது வேறு: மேல் இமை கீழே வந்து விழுகிறது, வில் கீழ்நோக்கி வளையும். இதை மாற்றிப் போட்டு, சிரிக்கிற பெண்ணைத் தூங்க வைத்த படங்கள் எக்கச்சக்கம். வளைவை மட்டும் திருப்பினால் போதாது, இடமும் மாறும். சிரிக்கிற வில்லின் உச்சி பெட்டியின் அடியிலிருந்து 1.5 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். தூங்குகிற கோட்டின் பள்ளம் கீழ் இமை இருந்த இடத்திலேயே, அதாவது அடியிலிருந்து 2 அல்லது 3 மி.மீ.க்குள். தூங்குகிற கண்ணில் இமைமுடி கீழ்நோக்கிச் சரியும், சிரிக்கிற கண்ணில் காதோரம் பக்கவாட்டில் நீளும். தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களில் முதலாவதாக எள்ளலைச் சொல்கிறார். ஏளனச் சிரிப்புக்கு வில் உதவாது: மேல் இமை பாதி இறங்கி, ஒரு புருவம் மட்டும் 5 மி.மீ. ஏறி, கருவிழி கடைக்கண்ணுக்கு நகர வேண்டும்.

உவகைக்குக் கண் திறந்தே இருக்கும். மேல் இமையைத் தொடாதீர்கள். கீழ் இமையை மட்டும் 4 மி.மீ. ஏற்றி, அதன் பள்ளத்தை எடுத்துவிட்டு லேசாக மேல்நோக்கி வளையுங்கள். கருவிழியின் அடி அந்த 4 மி.மீ. மறையும். கீழ் இமைக்குக் கீழே 3 மி.மீ. தள்ளி ஒரு குட்டிக் கோடு, கன்னத்தின் மேடு. வாய் இல்லாமலே முகம் மலர்ந்துவிடும். சிரிப்பு நிஜமா நடிப்பா என்பதைக் காட்டுவதும் இந்தக் கீழ் இமைதான். பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862-லேயே இதைக் கவனித்து எழுதினார். வாய் சிரித்து, கீழ் இமை அசையாமல் இருந்தால் அது கல்யாண வீட்டு வரவேற்பில் நிற்பவரின் மூன்றாவது மணி நேரச் சிரிப்பு. அப்படி ஒரு பாத்திரம் வேண்டும் என்றால் தாராளமாக அப்படியே வரையுங்கள்.

அழுகைக்கு வருவோம். இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். கண்ணீரை வரைந்துவிட்டால் அழுகை வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வெங்காயம் உரித்தாலும் கண்ணீர் வரும். அழுகை புருவத்தின் மூக்கோர முனையில் இருக்கிறது. அந்த முனையை 5 மி.மீ. ஏற்றுங்கள், காதோர முனையை 3 மி.மீ. இறக்குங்கள். ஏறுகிற முனை கொஞ்சம் உள்ளே நெருங்கவும் வேண்டும், ஏனென்றால் இங்கே 1-உம் 4-உம் சேர்ந்து வேலை செய்கின்றன. வெறுமனே ஏற்றினால் கெஞ்சுகிற முகம்தான் வரும். மேல் இமையின் உச்சி மூக்கோரத்துக்கு இன்னும் நெருங்கி, காதோரப் பக்கம் 4 மி.மீ. தொங்கட்டும். இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமலே அந்தக் கண் அழத் தொடங்கியிருக்கும்.

கண்ணீர் முதலில் தேங்கும், பிறகுதான் வழியும். கீழ் இமை ஓரமாக 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு நீர்ப்பட்டை, அதன் மேல் விளிம்பு நேராக இல்லாமல் அலைபோல. கருவிழியின் அடிப்பகுதி அந்த நீருக்குள் கொஞ்சம் கோணலாகத் தெரியும். ஹைலைட் இரண்டு இருந்த இடத்தில் நான்கைந்தாக உடையும், விளிம்பு நெளியும். வழிகிற கண்ணீரை நேர்க்கோடாக இழுக்கக் கூடாது. கன்னத்தின் உருண்டையை ஒட்டி முதலில் வெளியே வளைந்து, பிறகு தாடை நோக்கி உள்ளே திரும்பும். துளியின் தலை மெல்லிசு, அடி கனம். கண்ணீருக்கு நீலம் அடிப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். தோலின் நிறத்திலேயே ஓரத்தில் கொஞ்சம் அடர்த்தி, நடுவில் வெள்ளை, அதுவே நீர். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: வழிந்தோடுகிற அழுகையைவிட, அடக்கிக்கொள்கிற அழுகைதான் பார்ப்பவரைப் பிடிக்கும். அதற்குக் கீழ் இமையை நேர்க்கோடாக இறுக்கி 2 மி.மீ. ஏற்றுங்கள், நீர்ப்பட்டையை வையுங்கள், ஒரு சொட்டுகூடக் கீழே விழ விடாதீர்கள்.

இளிவரலை அருவருப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றில் பிறப்பது என்று தொல்காப்பியம் சொல்வதால் அது ஒருவர் தன்னையே தாழ்வாக உணர்கிற கூனிக் குறுகல். மேல் இமை மூன்றில் ஒரு பங்கு இறங்கும், கருவிழியும் அதோடு சேர்ந்து கீழே, பக்கவாட்டில் போகும். பார்வை எதிரில் இருப்பவரின் காலடியில். இமை இறங்கிக் கருவிழி நடுவிலேயே நின்றால் அது தூக்கம், இரண்டும் சேர்ந்து இறங்கினால்தான் கூச்சம்.

மருட்கையும் திகைப்பும் வேறு வேறு. புதியதையோ பெரியதையோ கண்டு வியக்கும்போது மேல் இமை 4 மி.மீ. ஏறும். ஒளிந்திருந்த கருவிழியின் உச்சி இப்போது இமைக்கோட்டை வந்து தொடும். கருவிழியின் அளவு குறையாது, பாப்பா கொஞ்சம் பெரிதாகலாம், புருவம் இரண்டும் சுருக்கமில்லாத வில்லாக மேலே போகும், புருவத்துக்கும் கண்ணுக்கும் இடைவெளி ஒன்றரை மடங்காகும். தேர் நோம்பிக்கு முதல்முறை வந்த குழந்தையின் கண். திகைப்புக்கு இதே இமை, ஆனால் கருவிழி 60 சதவீதமாகச் சுருங்கி, சுற்றிலும் வெள்ளை தெரிந்து, பாப்பா புள்ளியாகிவிடும்.

அச்சத்தில் கருவிழி இன்னும் சுருங்கும், பாதியாகக்கூட. நிஜத்தில் பயந்தால் பாப்பா விரியத்தான் செய்யும். கருவிழியைச் சுருக்குவது அனிமேயின் வழக்கம், வெள்ளை அதிகம் தெரிவதற்காக. அதனால் இதைப் பார்த்து உடற்கூறு தெரியாதவர் வரைந்தது என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ள வேண்டாம். புருவம் ஏறவும் வேண்டும், நெருங்கவும் வேண்டும், ஆகவே வில்லாக வளையாமல் ஏறக்குறைய நேராக நின்று மூக்கோரம் மட்டும் லேசாக நிமிரும். வியப்புப் புருவத்தைப் போட்டுவிட்டு அச்சம் வரவில்லையே என்று தவிப்பவர்கள் இந்த நேர்க்கோட்டைத்தான் தவறவிடுகிறார்கள். கீழ் இமை இறுகியிருக்கும். கருவிழியின் விளிம்பை ஒரே சுற்றாகப் போடாமல், விட்டு விட்டு இரண்டு மூன்று மெல்லிய கோடுகளாகப் போட்டால் நடுங்குவது போலத் தெரியும். இன்னொன்று: அச்சத்துக்குத் திசை வேண்டும். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று அச்சத்தின் நான்கு காரணமும் வெளியே இருப்பவைதான். கருவிழி எதையாவது பார்த்தாக வேண்டும். இருளில் இட்டேரியில், வேலிக்கு நடுவே போகும் குறுகிய தடத்தில், எதிரே என்ன நிற்கிறது என்று பார்க்கிற கண்ணுக்கு, நடு மையத்தில் நிற்கும் கருவிழி பொருந்தாது.

வெகுளிக்குப் புருவத்தின் மூக்கோர முனை நன்றாக இறங்கி மேல் இமையைத் தொட்டுவிடும், சில பாணியில் அதன் மேலேயே ஏறி உட்காரும். மேல் இமையின் வளைவை அடித்து நேராக்குங்கள், மூக்கை நோக்கிச் சரியட்டும். கருவிழியின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்படும். இத்தனையும் செய்து, கீழ் இமையை அப்படியே விட்டுவிட்டால் கோபம் அரைகுறையாக நிற்கும். கீழ் இமையும் நேராகி 3 மி.மீ. ஏற வேண்டும். இரண்டு புருவத்துக்கு நடுவே நெட்டுக்குத்தாக இரண்டு குட்டிக் கோடு. ஹைலைட்டைச் சிறிதாக்குங்கள், அல்லது எடுத்தே விடுங்கள்.

இது அடக்கிய கோபம். வெடிக்கிற கோபம் பார்க்க வேண்டுமானால் சேலம், ஈரோடு பக்கம் ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கும் முனியப்பனைப் போய்ப் பாருங்கள். புருவம் இறங்கியிருக்கும், ஆனால் கண் விரிந்து, கருவிழியைச் சுற்றி வெள்ளை தெரியும். எக்மனின் கணக்கில் கோபத்துக்கு 4, 5, 7 மூன்றும் உண்டு: புருவம் இறங்குகிறது, மேல் இமை ஏறுகிறது, இமை இறுகுகிறது. சிலை செய்தவர் எண் பார்த்துச் செய்யவில்லை, ஆனால் மூன்றும் அங்கே இருக்கும். இறங்கும் புருவமும் ஏறும் இமையும் மோதுகிற இடத்தில்தான் அந்த உக்கிரம் பிறக்கிறது.

பெருமிதத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அது வெகுளியோடு குழம்பும். இரண்டிலும் புருவம் இறங்கித்தான் இருக்கும். வேறுபாடு மூன்று இடத்தில். புருவம் இமையைத் தொடாமல் 3 மி.மீ. இடைவெளி விடும், கீழ் இமை தளர்ந்திருக்கும், ஹைலைட் ஒன்றே ஒன்று ஆனால் பெரிதாக, தெளிவாக நிற்கும். கருவிழி மேலும் கீழும் இமையைத் தொட்டு அசையாமல் நிற்கட்டும். பெருமிதம் பிறக்கும் இடங்களில் ஒன்றாகத் தொல்காப்பியர் சொல்வது தறுகண், அஞ்சாமை என்ற பொருளில். சொல்லுக்குள்ளேயே கண் இருக்கிறது. வேல் பாய்ந்து வரும்போது விழித்த கண் இமைத்தாலே அது தோல்வி என்று 775-ஆம் குறளும் சொல்கிறது. இமைக்காத கண் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வரைந்தால் கோபக் கண்ணோடு குழம்பாது.

எட்டும் முடிந்ததும் அந்தத் தாளை வீட்டில் இருப்பவரிடம் காட்டுங்கள், அனிமே பார்க்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. அப்பாரோ அம்மாயியோ, "ஏங்கண்ணு, இவன் மொறைக்கறானா, தூக்கம் வருதா?" என்று கேட்டால் அந்தக் கட்டம் தோல்வி. விளக்கம் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள், திரும்ப வரையுங்கள். பிள்ளைகளைக் கண்ணு என்று கூப்பிடுகிற ஊரில் கண்ணைப் பற்றி நல்ல தீர்ப்பு கிடைக்கும்.

இப்போது கருவிழி

நிறத்துக்கு மூன்று அடர்த்தி போதும். மேல் பாதி அடர்த்தி, ஏனென்றால் மேல் இமையின் நிழல் விழுகிறது. கீழ்ப் பாதி வெளிச்சம். மேலிருந்து வரும் ஒளி கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடித் தோலில் வளைந்து எதிர்ப்பக்கக் கருவிழியில் விழுவதால் அடி பளிச்சென்று தெரிகிறது. நடுவில் இடைநிறம். ஹைலைட் பெரியது ஒன்று ஒளி வரும் பக்கம், பாப்பாவின் விளிம்பைக் கொஞ்சம் தின்றபடி. சிறியது ஒன்று அதற்கு எதிரே கீழே.

இரண்டு கண்ணிலும் ஹைலைட் ஒரே பக்கம் இருக்க வேண்டும். இடது கண்ணை வரைந்து, அதை அப்படியே திருப்பி வலது கண்ணாக ஒட்டுபவர்களுக்கு ஹைலைட்டும் திரும்பிவிடும், பாத்திரத்துக்கு லேசாக ஒன்றரைக்கண் விழுந்த மாதிரி தெரியும். போனில் வரைபவர்கள் பண்ணும் தவறுகளில் இதுதான் அதிகம். கோடு வரைந்த லேயரை (செயலியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாளை) மட்டும் திருப்புங்கள், ஹைலைட் லேயரைக் கடைசியில் கையால் போடுங்கள். ஹைலைட்டே இல்லாத கண் உயிரற்ற, மனம் உடைந்த, அல்லது மயக்கத்தில் இருக்கிற பாத்திரத்துக்கு. அதைச் சாதாரணக் காட்சியில் மறந்துபோய் விட்டுவிட்டால் வாசகர் பயந்துவிடுவார்.

வெள்ளைப் பகுதி முழு வெள்ளை இல்லை. மேல் இமைக்குக் கீழே 3 மி.மீ.க்கு இளஞ்சாம்பல் நிழல் ஒன்று போடுங்கள். அது இல்லாவிட்டால் கண் குழிக்குள் உட்காராமல் முகத்தின் மேல் ஒட்டின ஸ்டிக்கராகத் தெரியும்.

முகம் பக்கவாட்டில் பாதி திரும்பினால் தூரத்துக் கண்ணின் அகலத்தை ஏறக்குறைய நான்கில் மூன்று பங்காகக் குறையுங்கள், உயரத்தைத் தொடாதீர்கள். கருவிழியும் அதே அளவுக்கு ஒடுங்க வேண்டும். இமையை ஒடுக்கிவிட்டுக் கருவிழியை முழு அகலத்தில் விட்டால் அந்தக் கண் முகத்தை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். மூக்கோர முனை மூக்குத் தண்டின் பின்னால் மறையலாம். உணர்ச்சிக் கணக்கு மட்டும் இரண்டு கண்ணுக்கும் அதேதான்.

தாள், பேனா, பனியன்

ஜெராக்ஸ் கடைத் தாள் பெரும்பாலும் 70 அல்லது 75 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் எண்). பென்சில் பயிற்சிக்கு அது போதும். ஆனால் ஒரே இடத்தில் மூன்று முறை ரப்பர் போட்டால் நார் கிளம்பும், அதன்மேல் மை பரவும். இமைக் கோட்டின் கூர் போய்விடும். மை போடுவதாக இருந்தால் 150 ஜி.எஸ்.எம்.க்கு மேல், வழவழப்பான தாள். முதல் கோடு HB பென்சிலில், அழுத்தாமல். மடிப்புக்கும் கருவிழி விளிம்புக்கும் 0.1 பேனா, கீழ் இமைக்கு 0.3, மேல் இமைக்கு 0.5-ஐ இரண்டு மூன்று முறை. மை காய்வதற்குள் ரப்பர் தேய்த்தால் கருப்பு இழுத்துக்கொண்டு வெள்ளை விழிக்குள் போகும், குறைந்தது ஐந்து நிமிடமாவது விடுங்கள். சித்திரை வைகாசியில் உள்ளங்கை வேர்க்கிற நாளில் கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குத் தாளின் நாலு மூலையிலும் டேப்பு. வெள்ளை ஜெல் பேனாவில் ஹைலைட் வைப்பது கடைசி வேலை, அதன்மேல் மார்க்கர் பட்டால் வெள்ளை அழுக்காகும், மார்க்கர் முனையும் பாழாகும்.

போனில் வரைபவர்கள் A4 அளவை 300 டி.பி.ஐ.யில், அதாவது 2480 x 3508 பிக்சலில் தொடங்குங்கள். ஐபிஸ் பெயின்ட் மாதிரி வரையும் செயலிகளில் கேன்வாஸைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பிப் பார்க்கிற வசதி இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள், ஒரு கண் ஏறி ஒரு கண் இறங்கியிருப்பது உடனே தெரியும். தாளில் வரைபவர்கள் ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பின்பக்கமாகப் பிடித்தால் அதே பலன்.

திருப்பூரில் பனியனில் அச்சடிக்கக் கண் வரைந்து கொடுப்பவர்களுக்கு வேறு கணக்கு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மை இறங்கும் வலைச்சட்டம். கருவிழிக்கு மூன்று அடர்த்தி, கோட்டுக்குக் கருப்பு, ஹைலைட்டுக்கு வெள்ளை என்றால் ஐந்து ஸ்கிரீன். கருப்புத் துணியாக இருந்தால் அடியில் வெள்ளைப் பூச்சு வேறு வேண்டும், இல்லாவிட்டால் நிறம் எடுக்காது. அப்போது துணியின் கருப்பையே இமைக் கோடாக விட்டுவிட்டால் ஒரு ஸ்கிரீன் மிச்சம். நிறம் மெதுவாகக் கரைகிற சாயல் வேலைக்குப் புள்ளி புள்ளியாக உடைக்க வேண்டும், சின்னப் படத்தில் அது சேறாகிவிடும், எல்லைக்கோடு போட்ட தட்டை நிறமே உத்தமம். ஒரு பாயின்ட், அதாவது 0.35 மி.மீ.க்குக் கீழான கோடு துணியில் விட்டு விட்டுத்தான் விழும், ஆகவே 0.1 பேனாவில் போட்ட மடிப்புக் கோட்டையும் நடுங்கும் விளிம்பையும் தடிப்பாக்கிக் கொடுங்கள். அடுத்தவர் உருவாக்கிய பாத்திரத்தை அனுமதி இல்லாமல் அச்சடிக்கக் கொடுக்காதீர்கள். சொந்தப் பாத்திரத்துக்கு எட்டுக் கண்ணும் கையில் இருந்தால் எட்டு டிசைன்.

கொடுப்பதற்கு முன் அச்சு அளவிலேயே ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி, ஆறடி தள்ளி நின்று பாருங்கள். பனியன் போட்டவரை எதிரே வருபவர் அந்தத் தூரத்திலிருந்துதான் பார்ப்பார். அங்கிருந்து கருவிழியின் மூன்று அடர்த்தியும் ஒன்றாகிவிடும். புருவமும் மேல் இமையும் மட்டும் தெரியும்.